முட்டியில் வைத்த வெல்லம்

ராயம்மாளுக்கு அரசாங்கம் கொடுத்த வேலை மூன்று: பெருக்குவது, துடைப்பது, ஊசி கொதிக்க வைப்பது. பிள்ளைகளின் காலைப் பிடிப்பது என்று அவளுடைய உத்தரவில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது தானாக வந்து அவள் தலையில் விழுந்தது. கம்பவுண்டர் நஞ்சப்பனுக்கு இருப்பது இரண்டே கை. ஒன்றில் பஞ்சு, இன்னொன்றில் சிரிஞ்சு. துள்ளுகிற பிள்ளையை யார் பிடிப்பது? பெற்றவளைப் பிடிக்கச் சொன்னால் ஊசி கிட்டே வருவதற்குள் அவளே அழுதுகொண்டு கையை விட்டுவிடுவாள். அப்பனைப் பிடிக்கச் சொன்னால் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒப்புக்குப் பிடிப்பான். ஒரு தடவை அப்படித்தான் பிள்ளை உதைத்த உதையில் ஊசி சதைக்குள்ளேயே ஒடிந்துபோய், அதை எடுப்பதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து, "ராயம்மா, வந்து காலப் புடி" என்கிற குரல் ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கும்.

பாலக்கோட்டிலிருந்து ஏழு மைல் உள்ளே தள்ளி, புளியம்பள்ளம் என்ற ஊரில் இருந்தது அந்த மருந்தகம். இரண்டு அறை, ஒரு வராந்தா, ஓட்டுக்கூரை. சேலம் மாவட்டத்தைப் பிரித்துத் தர்மபுரியைத் தனி மாவட்டமாக்கிய வருஷம் வாசலில் இருந்த போர்டுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்தார்கள். மற்றதெல்லாம் பழையபடியே இருந்தது. டாக்டர் திங்களும் வியாழனும் பஸ்ஸில் வருவார். மற்ற நாளெல்லாம் நஞ்சப்பன்தான் டாக்டர். ஊரில் அவரைக் கம்பவுண்டர் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள்கூட இருந்தார்கள்.

ராயம்மாள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் வேதக்காரத் தெருக்காரி. புருஷன் வியாகுலம் கிணறு வெட்டப் போகிறவன். ஊருக்கு ஊர் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, வரும்போது முதுகுவலியோடு வருவான். பிள்ளைகள் இல்லை. அந்தக் கவலையை நினைத்து உட்கார அவளுக்கு நேரமும் இல்லை. விடிந்து பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைத்தால் மதியம் வரைக்கும் அது இரைந்துகொண்டே இருக்கும். இருப்பது ஏழு ஊசி, வருவது அறுபது பேர். குத்தி எடுத்த ஊசி கொதிதண்ணீருக்குப் போகும், கொதித்த ஊசி குத்தப் போகும். வாரத்துக்கு ஒருநாள் ஊசி முனையைச் சின்னக் கல்லில் தேய்த்துக் கூர்மையாக்கி, பஞ்சில் இழுத்து, நார் மாட்டாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆவி பட்டுப் பட்டு அவளுடைய விரல் நுனிகள் எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருந்தன. மாலையில் சோற்றைப் பிசைந்தால் சூடு தெரியாது. படுத்தால் தோள் இரண்டும் தனியாகக் கழன்று பக்கத்தில் கிடப்பது போலிருக்கும்.

ஊசி மேல் ஜனங்களுக்கு இருந்த பக்தியைச் சொல்ல வேண்டும். மாத்திரை கொடுத்தால், "இது என்னுங்க, சுண்ணாம்பு வில்லையா?" என்று உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார்கள். ரோஸ் கலர் மருந்துத் தண்ணீரைப் பாதி வழியிலேயே கொட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் ஊசி என்றால் வைத்தியம். வலித்தால் நல்ல வைத்தியம். ஊசி போடாமல் அனுப்பினால், ஏழைகளுக்கு மருந்தை மறைக்கிறார்கள் என்று பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் பெட்டிஷன் போகும். இல்லையென்றால் பத்தரை மணி பஸ்ஸில் ஏறிப் பாலக்கோட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே படிப்பும் இல்லாமல் போர்டும் இல்லாமல் ஊசி போடுகிற ஒருவர் இருந்தார். அவர் இல்லை என்ற சொல்லையே சொன்னதில்லை. ஆகவே நஞ்சப்பனும் இல்லை என்று சொல்வதில்லை. ஜுரம் என்று வந்த பிள்ளையை மேஜையில் குப்புறப் படுக்க வை, ராயம்மாளைக் கூப்பிடு, இடுப்பில் ஒன்று போடு, முடிந்தது.

அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் பாஞ்சாலி தன் முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாயவன் என்கிற விவசாயியின் பெண்டாட்டி. இருபது வயதுகூட நிறைந்திராது. தீர்த்தமலைக்கு வேண்டிப் பிறந்தது என்பதால் குழந்தைக்குத் தீர்த்தம்மாள் என்று பெயர். ஒன்றரை வயது. நடக்கப் பழகி நாலு மாதம் ஆகியிருந்தது. மூன்று நாளாக ஜுரம். ராயம்மாள் காலைப் பிடித்தாள், நஞ்சப்பன் வலது பக்கம் ஊசி போட்டார். ஜுரம் இறங்கிவிட்டது. நாலாம் நாள் காலையில் குழந்தையை இறக்கி விட்டால் வலது கால் துணி மாதிரித் துவண்டது.

இளம்பிள்ளை வாதம் என்றார் டாக்டர். எண்ணெய் தேய்த்தார்கள், மணலில் புதைத்து நிற்க வைத்தார்கள். கால் வளரவில்லை, குழந்தை வளர்ந்தது. ராயம்மாளும் எல்லோரையும் போல, அந்த நோய்க்காகத்தான் ஜுரம் வந்தது, பாவம் ஊசிக்கும் அடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு முன்னும் பின்னும் இப்படி மூன்று பிள்ளைகளுக்குக் கால் போயிற்று. நாலு பேருக்குமே வலது கால்.

அறுபத்தேழு ஐப்பசியில் பெய்த மழையில் மருந்தகத்துக் கூரை ஒழுகியது. சரியாக ஊசி மேஜையின் மேல் ஒழுகியது. மேஜையைத் தூக்கி எதிர்ச் சுவரோரம் போட்டார்கள். ஓடு மாற்ற யூனியனுக்கு எழுதினார்கள். யூனியன் யோசித்துக்கொண்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியது. மேஜை இடம் மாறியதைப் பற்றி யாரும் அப்புறம் நினைக்கவில்லை.

அடுத்த வருஷம் செப்டம்பர் எட்டாம் தேதி மாதா கோயில் தேர். இந்து என்றும் வேதக்காரர் என்றும் பார்க்காமல் சுற்று வட்டாரமே வரும். நடக்காத பிள்ளைகளைத் தூக்கி வந்து, பீடத்து விளக்கில் எண்ணெய் தொட்டுக் காலில் தேய்ப்பது வழக்கம். ராயம்மாள் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கால் கடுத்தது, ஒரு நாள் லீவிலும் நிற்கவேண்டியிருக்கிறதே என்று எரிச்சல். முன்னால் ஐந்து தாய்மார் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பிள்ளைகளும் அவளுக்குத் தெரிந்தவை. ஐந்து பேர் காலையும் அவள் பிடித்திருக்கிறாள்.

மூன்று வயது தாண்டிய மூவருக்கு வலது காலில் எண்ணெய் ஏறியது. கைக்குழந்தைகளான இரண்டுக்கும் இடது காலில் ஏறியது.

முதலில் அதில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வரிசை நகர்ந்தது. மாதாவுக்கு நேராக வந்து நின்றபோதுதான், மேஜை பழைய சுவரோரம் இருந்தபோது நஞ்சப்பன் எந்தப் பக்கம் நிற்பார், எதிர்ச் சுவருக்கு வந்தபின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று மனசுக்குள் படம் ஓடியது. பிள்ளையின் தலை எப்போதும் ஜன்னல் பக்கம்தான். அவர் தான் நிற்கிற பக்கத்து இடுப்பில்தான் குத்துவார். சுவர் மாறினால் ஊசி ஏறும் பக்கமும் மாறும். மெழுகுவர்த்தியை ஏற்றாமலே திரும்பி வந்துவிட்டாள். பின்னால் நின்ற சாலம்மாள், "ஏ ராயம்மா, கொண்டாந்தத ஏத்தாமப் போறியே!" என்று கத்தியது காதில் விழுந்தது, ஏறவில்லை.

அடுத்த ஒரு மாதம் அவள் வேலை முடிந்து வீடு வீடாக நடந்தாள். மேஜை மாறியபின் கால் போனது மூன்று பிள்ளைகளுக்கு. மூன்றும் இடது கால். அதோடு நிற்காமல், கணக்கைக் கெடுக்க ஒரு பிள்ளையும் அகப்பட்டது: வத்தல்மலை அடிவாரத்தில், ஊசி என்பதையே பார்த்திராத ஒரு பையனுக்கு இரண்டு காலுமே போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு, நான் நினைப்பது பொய்யாகத்தான் இருக்கும் என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்து பார்த்தாள். முடியவில்லை.

நஞ்சப்பனிடம்தான் முதலில் சொன்னாள். அவர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ராயம்மா, நான் போட்ட ஊசியிலதான் கால் போச்சுங்கறியா?"

"அப்படிச் சொல்லலீங்க. மேசை மாறுச்சு, காலும் மாறிடுச்சுங்க. அதத்தான் சொல்றன்."

"பதினஞ்சு வருசமா ஊசி போடறன். எத்தினி ஆயிரம் புள்ளைக்குப் போட்டிருப்பன்? எல்லாமா நொண்டிக்கிட்டுத் திரியுது?"

 அவர் கோபமாக எழுந்து போனார். ஆனால் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "அந்த மாயவன் குட்டிக்கு நான் எந்தப் பக்கம் போட்டன்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

டாக்டர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவரும் களைத்துப்போன மனிதர்தான்; திங்களும் வியாழனும் போக மற்ற நாளில் வேறு இரண்டு மருந்தகம் பார்க்கிறவர்.

"இத நீயாக் கண்டுபுடிச்சியா? வெளிநாட்டுல எழுதியிருக்காங்க, ராயம்மா. ஊசியால மட்டும் வாதம் வராது. அந்தக் கிருமி முன்னமே ஒடம்புல இருக்கணும். நூறு புள்ளைக்கு அந்தக் கிருமி வந்தா, தொண்ணூத்தொம்பதுக்கு வெறும் ஜொரத்தோட போயிடும். காலப் புடிக்கறது ஒண்ணு ரெண்டத்தான். ஆனா கிருமி உள்ள இருக்கற நேரத்துல ஊசியக் குத்துனா, குத்துன எடத்துக்கு அதுக்கு நாமளே வழி காட்டுன மாதிரி."

"அப்பப் போடாம இருந்துடலாமுங்களே."

"நிமோனியாவுக்குப் போடாம இருந்தா செத்துப்போயிடும். எது அந்த ஜொரம், எது இந்த ஜொரம்னு மொகத்துல எழுதியா ஒட்டியிருக்கு? யாருக்குக் கால் போகும், யாருக்குப் போகாதுன்னு மட்டும் முன்னாடியே தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கறன்?"

முன்னாடியே தெரிய வேண்டும். அது அவளைப் பிடித்துக்கொண்டது. கால் பிடிக்கிறவளுக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்தது டாக்டருக்குத் தெரியாது. மேஜையில் ஏற்றும் முன் பிள்ளையை மடியில் மடக்கித் தூக்குவது அவள் பழக்கம். எல்லாப் பிள்ளையும் ஈரத்துணி போல மடங்கும். சில பிள்ளைகள் மட்டும் மடங்காது. முதுகை மடக்கினால் வீல் என்று அலறும், தொட்டாலே சிணுங்கும். மாயவன் குழந்தை அப்படித்தான் அலறியது. பிடிவாதம் என்று நினைத்து அன்று இன்னும் அழுத்திப் பிடித்தது அவள் கைக்கு ஞாபகம் இருந்தது.

பிள்ளைகளை அழவைக்காமல் இதைப் பார்க்க ஒரு வழி செய்தாள். வீட்டிலிருந்து ஒரு துணுக்கு வெல்லம் முடிந்து வருவாள். பிள்ளையைக் காலை நீட்டி பெஞ்சில் உட்கார வைத்து, முட்டியின் மேல் வெல்லத்தை வைத்து, "கையால எடுக்கக் கூடாது கண்ணு, வாயாலயே எடு பாப்போம்" என்பாள். சாதாரண ஜுரக்காரப் பிள்ளை குனிந்து லபக்கென்று கவ்விவிடும். மற்றது வெல்லத்தையே பார்க்கும், எச்சில் வடியும், குனியாது. இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

டாக்டரிடம் காட்டினாள். முட்டியை முத்தமிடச் சொல்லிப் பார்ப்பது என்று புத்தகத்தில் இருக்கிறது, நீ வெல்லம் வைக்கிறாய், உன்னுடையதுதான் நல்ல முறை என்று சிரித்தார். அவளிடம் அவர் சிரித்துப் பேசிய ஒரே தடவை அது. குனியாத பிள்ளைக்கு ஊசி வேண்டாம், மாத்திரை மட்டும். நடக்கவிடாமல் படுக்க வை, வெந்நீர்த் துணி போடு, ஜுரம் அதிகமானால் தர்மபுரிக்கு அனுப்பு என்று நஞ்சப்பனுக்குச் சொல்லிவைத்தார்.

எறும்பு பிடித்த வெல்லத்தோடு அப்புறம் மூன்று வருஷம். வரிசையில் நிற்கிறவர்கள், "ஆயாம்மா கடலமுட்டாய்க் கட வெச்சிருக்குது" என்று கேலி செய்தார்கள். குனிந்து வெல்லம் தின்ற ஒரு பிள்ளைக்கும் கால் போயிற்று. குனியாதவற்றில் எத்தனையோ ஒன்றுமில்லாமல் எழுந்து ஓடின. இது அச்சடித்த ஜோசியம் இல்லை என்று அவளுக்கே தெரியும். குனியாத பிள்ளையின் அப்பன் நேரே பாலக்கோட்டு பஸ்ஸில் ஏறிப்போய் ஊசி போட்டுவந்து, அடுத்த வாரம் அதே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதும் நடந்தது. அப்போதெல்லாம் அவளுக்கு அழுகை வராது, அலுப்புத்தான் வரும். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டே, நாளைக்கு வராமல் நின்றுவிட்டால் என்ன என்று நினைப்பாள். மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

எழுபத்தொன்று ஆவணியில், ஒரு புதன்கிழமை காலை, பாஞ்சாலியும் மாயவனும் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தீர்த்தம்மாளுக்கு அடுத்துப் பிறந்த ஒரே பையன், முனியப்பன். நாலு நாளைக்கு முன் ஜுரம் வந்து, தானாக விட்டுவிட்டதாம், மறுபடி ராத்திரி முதல் கொதிக்கிறதாம். புதன்கிழமை டாக்டர் வராத நாள்.

ராயம்மாள் பையனை பெஞ்சில் உட்கார வைத்தாள். வெல்லத்தை வைத்தாள். பையன் வெல்லத்தைப் பார்த்தான். கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டான். தலையை முன்னால் கொண்டுவந்தவன் பாதியில் முகம் கோணி அழ ஆரம்பித்தான். அவள் மெல்லக் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். குச்சி போல விறைத்திருந்தது.

"இவனுக்கு ஊசி வேணாம் பாஞ்சாலி" என்றாள்.

"வேணாமா?" மாயவன் முன்னால் வந்தான். "நாலு மைல் நடந்து வந்தது வெல்லம் திங்கவா?"

"மாத்தர தருவாங்க. படுக்க வெச்சு, வெந்நித் துணி போடுங்க. நாளைக்கு டாக்டரு வந்துடுவாருங்க."

"ஒரு புள்ளைக்குத்தான் கால் போயி ஊட்ல கெடக்குது. இதுக்கும் போவட்டும்னு பாக்கறியா? கம்பவுண்டரே, நீங்க போடுங்க, நான் புடிக்கறன்."

நஞ்சப்பன் சிரிஞ்சைக் கையில் எடுத்தார், ராயம்மாளைப் பார்த்தார், திரும்ப டிரேயில் வைத்தார். "டாக்டர் உத்தரவு மாயவா. ஆயாம்மா வேணாம்னா நான் போட முடியாது."

"போட வேணாம். பஸ்ஸு வர நேரந்தான். பாலக்கோட்டுல போட்டுக்கறன்." பையனை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். பையன் வலியில் கத்தினான்.

தொலைவில் பஸ் ஹாரன் கேட்டது. ஏரி வளைவில் வந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷம். ராயம்மாள் அவர்கள் பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள். ஜுரத்தில் ஊசி குத்தினால் கிருமிக்கு வழி காட்டினது போல என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மாயவன் திரும்பவே இல்லை. மேஜை மாறியது, கால் மாறியது என்று சொன்னாள். பாஞ்சாலிக்கு அது விளங்கவில்லை. புருஷன் முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இனி சொல்ல ஒன்றுதான் பாக்கி இருந்தது. மூன்று வருஷமாக அதைத் தள்ளிப்போட்டு வந்தாள். பாஞ்சாலியைத் தேரில் பார்த்தாலும், சந்தையில் பார்த்தாலும், சொல்லாமல் வழிமாறிப் போயிருந்தாள்.

அவள் பாஞ்சாலியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தீர்த்தம்மாளுக்கு ஜொரம் வந்துதே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு அவளும் இப்படித்தான் மடங்கல. இதே மாதிரி கத்துனா. எனக்கு அப்பத் தெரியாது. நாந்தான் அவ காலப் புடிச்சன். வலது பக்கம் ஊசி போட்டுது. அந்த ஊசியாலதான் அந்தக் கால் போயிருக்கும், பாஞ்சாலி. நீ தூக்கியாந்து எங்கிட்டக் குடுத்த, நான் புடிச்சு வெச்சன்."

 பாஞ்சாலி கையை உதறவில்லை.  பஸ் வந்து புழுதியோடு நின்றது. கண்டக்டர் விசில் அடித்தான். மாயவன் ஒரு காலைப் படியில் வைத்தபோது, பாஞ்சாலி போய் அவன் தோளிலிருந்து பையனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏறு" என்றான் மாயவன்.

"நீ போ. புள்ள வரமாட்டான்."

பஸ் நிறைய ஆள் பார்க்கப் பெண்டாட்டியை அடிக்க அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கும். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, பஸ்ஸிலும் ஏறாமல், தனியாக ஊர்ப்பக்கம் நடந்தான். பாஞ்சாலி மாத்திரையை வாங்கி முடிந்துகொண்டாள். ராயம்மாளைப் பார்க்காமலே போனாள்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் மாலையில் ராயம்மாள் நாலு மைல் நடந்து அவர்கள் வீட்டுக்குப் போனாள். போகாதே என்று உடம்பு சொல்லியது. நஞ்சப்பனும் சொன்னார்: "ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னத்தான் வெட்டுவான் அவன்." வியாழக்கிழமை டாக்டரும் வந்து பார்த்துவிட்டு, இப்படியே இருக்கட்டும், ஆட விடாதீர்கள் என்றார். கால் தப்புமா என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

வீட்டில் பாஞ்சாலி அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெந்நீர்ப் பானையை நகர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ராயம்மாள் துணியை நனைத்துப் பிழிந்து பையனின் முதுகிலும் காலிலும் போடுவாள். மூலையில் தீர்த்தம்மாள் உட்கார்ந்து, வலது தொடையின் மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறரை வயதாகியிருந்தது. ராயம்மாள் தன் வாழ்க்கையில் எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அந்த ஒன்பது நாளும் அந்த ஒரு முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் ஜுரம் விட்டது. ஒன்பதாம் நாள் பையன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான், ஓரமாகவே நடந்துபோய் கோழியைத் துரத்தப் பார்த்தான். இரண்டு காலும் அவன் சொன்னதைக் கேட்டன. மாயவன் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லாத ஜொரம். அதுக்கு எத்தினி கூத்து" என்றான். அதையும் தப்பென்று சொல்ல ராயம்மாளால் முடியாது. ஊசி போட்டிருந்தாலும் ஒருவேளை தப்பியிருப்பான். போகாத காலை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அன்று திரும்பி வரும்போது பாதி வழியில் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். சந்தோஷமா களைப்பா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பதினைந்து நாள் கழித்து, கூட்டம் கலைந்த நேரத்தில், பாஞ்சாலி மருந்தகத்துக்கு வந்தாள். பையன் இல்லை, தீர்த்தம்மாள் மட்டும். அந்தப் பெண் தொடையில் கையை ஊன்றி ஊன்றித் தானே படியேறி வந்தது. பாஞ்சாலி அவளைத் தூக்கி ஊசி மேஜையில் உட்கார வைத்தாள்.

"எங்கிட்டச் சொன்னீங்கல்ல, ஆயாம்மா. அத இவகிட்டச் சொல்லுங்க."

ராயம்மாள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "சின்னப் புள்ளகிட்ட எப்படிம்மா..."

"சொல்லுங்க." பாஞ்சாலியின் குரல் உடைந்தது. "உச்சிப் பொழுதுல ஏரிக்கரையில நான் இவளத் தூக்கிட்டுப் போனன், காத்து கருப்பு அடிச்சிட்டுது, அதுதான் கால் போச்சுன்னு எங்க மாமியா சொல்லிச்சு. அஞ்சு வருசமா ஊர் சொல்லுது. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தன். இப்ப இவளே சொல்றா. கூட வெளையாட யாரும் சேத்துக்கலன்னா ஊட்டுக்கு வந்து, நீதான என்னய அங்க தூக்கிட்டுப் போனன்னு என்னய அடிக்கறா. என்னால முடியல. நான் சொன்னா நம்பமாட்டா, நீங்க சொல்லுங்க."

நஞ்சப்பன் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு கதவை ஒட்டியே நின்றுகொண்டார். அவர் வெளியே வரவில்லை, உள்ளேயும் போகவில்லை.

ராயம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பெண்ணின் எதிரே நின்றாள்.

"உங்க அம்மா மேல தப்பு இல்ல கண்ணு. ஏரிக்கரையில ஒண்ணும் அடிக்கல. உனக்கு ஜொரம் வந்துது, இங்க தூக்கியாந்தாங்க. அந்த ஜொரத்துக்கு ஊசி போடக் கூடாது, போட்டுட்டோம். அதுலதான் போச்சு. நாந்தான் உன் காலப் புடிச்சுக்கிட்டன்."

தீர்த்தம்மாள் யோசித்தது. "நான் அழுதனா?"

"அழுத."

"அப்பறம் ஏன் உடல?"

"அசைஞ்சா ஊசி ஒடைஞ்சிடும்னு உடல."

"தம்பிய மட்டும் ஏன் புடிக்கல?"

 அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருந்தது.

"உன்னப் புடிச்சப்ப எனக்குத் தெரியாது கண்ணு. உன்னையும் இன்னும் ஆறேழு புள்ளைங்களையும் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டன்."

தீர்த்தம்மாள் தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. பாஞ்சாலி வாயில் சேலையை அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு, மேஜையிலிருந்து இறக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டியது. அம்மாவிடம் இல்லை, ராயம்மாளிடம் நீட்டியது. ராயம்மாள் தூக்கி இறக்கிவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். அந்த ஒரு 'சரி'யைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.